ரோல்ஸ்-ராய்ஸ் லாபச் செய்தியும் ஒரு கார் படமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரோல்ஸ்-ராய்ஸின் 2024ஆம் ஆண்டு லாபம் பற்றி வணிகப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி போட்டிருந்தீர்கள். கூடவே பளபளவென்று ஒரு காரின் படம். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காரைச் செய்வது பி.எம்.டபிள்யூ. லாபம் அறிவித்தது இங்கிலாந்தின் டெர்பியில் விமான இன்ஜின் செய்யும் கம்பெனி. ஆர்.பி.211 என்ற இன்ஜினுக்குக் கொட்டிய பணத்தில் 1971இல் அது திவாலாகி, அரசு எடுத்து நடத்த வேண்டி வந்தபோது கார் பிரிவைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். இப்போது இரண்டுக்கும் இருப்பது பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

சரி, படத்தை விடுங்கள். செயல்பாட்டு லாபம் 159 கோடி பவுண்டிலிருந்து 246 கோடி பவுண்டுக்கு உயர்ந்தது என்று எழுதியிருந்தது சரியான கணக்குதான். ஆனால் அதைப் படித்த என் மருமகன், "இன்ஜின் நிறைய வித்திருப்பாங்க போல, மாமா" என்றார். முப்பது வருடம் மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்குகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மெஷினைத் தள்ளுபடியில் தருவார்கள், வருடா வருடம் ஏ.எம்.சி. என்ற பராமரிப்பு ஒப்பந்தத்தில் பிடித்துவிடுவார்கள். பெரிய விமான இன்ஜினும் அப்படித்தான், பல சமயம் நஷ்டத்துக்கே கொடுத்துவிட்டு, அது பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று விமான நிறுவனத்திடம் வருடக்கணக்கில் வாங்குவார்கள், அந்தப் பணத்துக்குள்தான் இன்ஜினைப் பிரித்துப் பழுது பார்க்கும் ஓவர்ஹால் எல்லாம் அடக்கம். அதனால் இன்ஜின் இறக்கையிலேயே எவ்வளவு நாள் தங்குகிறதோ அவ்வளவு லாபம், கழற்றி ஷாப்புக்குக் கொண்டுவந்தால் செலவு இவர்கள் தலையில். டர்பைன் பிளேடு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கிவிடும், உடம்பெல்லாம் ஊசி குத்தினாற்போல் ஓட்டைகள். அந்த உலோகம் உருகும் வெப்பத்தைவிடச் சூடான வாயுவுக்கு நடுவில் அது சுழல வேண்டும், ஓட்டைகள் வழியே வரும் காற்றுதான் அதை உருகாமல் காப்பாற்றுகிறது. இவர்களுடைய டிரென்ட் 1000 இன்ஜினில் டர்பைன் பிளேடுகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அரிக்க ஆரம்பித்ததில் போயிங் 787 விமானங்கள் பல தரையில் நின்றன, கம்பெனி பல ஆண்டுகள் கையைச் சுட்டுக்கொண்டது.

2020இல் வந்தது அடுத்த அடி. இவர்களுடையது இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்களின் இன்ஜின். ஏர்பஸ் ஏ320 நியோ, போயிங் 737 மேக்ஸ் போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் எதிலும் இவர்கள் கிடையாது. கொரோனாவில் வெளிநாட்டுப் பயணம்தான் அதிகம் முடங்கியது. பறந்த நேரம் 2019இல் இருந்ததில் 43 சதவீதமாக விழுந்தது, மணிக்கணக்கில் வசூல் செய்பவனுக்கு விமானம் நின்றால் என்ன மிஞ்சும்? சுமார் 400 கோடி பவுண்ட் நஷ்டம், 9,000 பேருக்கு வேலை போகும் என்று அறிவிப்பு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பயணிகள் விமான இன்ஜின் பிரிவில் 100 பவுண்டுக்கு வியாபாரம் நடந்தால் 2022இல் கையில் நின்றது இரண்டரை பவுண்ட். 2024இல் 16.60 பவுண்ட். ஆனால் பறந்த நேரம் 2024இல்தான் 2019 அளவைத் தொட்டு 103 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. அதாவது விமானங்கள் கொரோனாவுக்கு முன்பைவிட ஏகத்துக்குப் பறந்துவிடவில்லை. 2023 ஜனவரியில் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்ற துஃபான் எர்கின்பில்கிச் ஆளைக் குறைத்தார், செலவைக் குறைத்தார், அதோடு கட்டுப்படியாகாத பழைய ஒப்பந்தங்களை எடுத்து விமான நிறுவனங்களோடு மறுபடி பேசி விலையை ஏற்றினார். என்னைக் கேட்டால் லாபத்தில் பெரிய பங்கு இந்தப் பேரத்துக்குத்தான். ஏர்பஸ்ஸின் பெரிய விமானங்களான ஏ350க்கும் ஏ330 நியோவுக்கும் இவர்கள் இன்ஜினை விட்டால் வேறு கிடையாது, வாங்கியவர் எங்கே போவார்? இன்ஜினிலேயே குறை கண்டவர்களும் உண்டு, 2023 துபாய் விமானக் கண்காட்சியில் ஏ350-1000 இன்ஜின் துபாய்ச் சூழலுக்குத் தாங்காது என்கிற ரீதியில் எமிரேட்ஸ் விமான நிறுவனத் தலைவர் டிம் கிளார்க் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார்.

கம்பெனி செய்தது தப்பு என்று சொல்லவில்லை. நஷ்டத்துக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் 1971 மாதிரி மறுபடி கவிழ்ந்திருக்கும். ஆனால் அந்த விலை கடைசியில் டிக்கெட்டில்தானே வந்து விழும்? லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற உங்கள் வாசகர்களுக்கு அந்த நாலு வரியில் இதற்கு ஒரு வரியாவது இடம் இருந்திருக்கலாம். பெருந்தொற்றுக்குப் பிறகு முதல் முறையாகப் பங்குக்கு 6 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்ட்) டிவிடெண்ட் அறிவித்தார்கள் என்பதும் விட்டுப்போயிருந்தது. இதைச் சொன்னதும் மருமகன் போனை எடுத்து, 2023 தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கும் கீழே இருந்த பங்கு 2025இல் ஏழு பவுண்டைத் தாண்டிவிட்டதைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அரையாண்டுக் கணக்கு வரும்போது காருக்குப் பதிலாக ஒரு இன்ஜின் படம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான டெக்னீஷியன்,
பம்மல்