பிளஸ் டூ ஆங்கிலப் பாடல்களைப் படிக்கும் முறை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கும் இவ்வேளையில், ஆங்கிலத் தாளின் இலக்கியப் பகுதியைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். அரையாண்டுத் தேர்வில் நம் மாணவர் பலர் நோட்ஸில் உள்ள பத்தியை வரி பிசகாமல் எழுதியிருந்தார்கள். ஆனால் கேள்வி சற்று மாறியிருந்த இடத்தில் அந்தப் பத்தி கேள்விக்குப் பொருந்தவில்லை. உழைப்பு இருந்தும் மதிப்பெண் வராமற்போவது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

எட்வின் மியூர் எழுதிய 'தி கேசில்' பாடலை எடுத்துக்கொள்வோம். காவற்கிழவன் பொன்னுக்கு ஆசைப்பட்டதால் கோட்டை வீழ்ந்தது என்று நோட்ஸ் ஒரே வரியில் முடித்துவிடும். பாடலோ, எதிரி அரை மைல் தொலைவில் நிற்கும்போதும் வீரர்கள் கோடை முழுவதும் கவலையின்றி இருந்ததைச் சொல்லித் தொடங்குகிறது; அந்த அலட்சியத்தை முதல் வரிகளிலேயே கண்டுகொள்ளும் மாணவருக்கு முடிவு ஏன் அப்படி அமைந்தது என்பது தானே விளங்கும். எதிரி நுழைந்த திட்டிவாசலைக் கவிஞர் 'விக்கட் விக்கெட் கேட்' (wicked wicket gate, அதாவது வஞ்சகமான சிறு வாசல்) என்கிறார். தமிழ்ப் பாடத்தில் மோனையை நொடியில் சுட்டும் பிள்ளைகள் இதையும் சுட்ட முடியும். அந்த ஓசை வஞ்சகத்தை அச்சிறு கதவின் மேலேயே ஏற்றுகிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால்தான் அது நயம் பாராட்டலாகும். வேலூர்க் கோட்டையின் அகழியையும் கருங்கல் மதிலையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கல்லால் ஆன அரண் காற்றைப்போல் மெலிந்துபோனது என்ற உவமையின் அதிர்ச்சி எளிதில் புரியும். (அதற்காக விடைத்தாளில் 1806 புரட்சியை எழுதத் தொடங்கிவிடக் கூடாது.)

பிள்ளைகள் 'ஈ.ஆர்.சி.' என்று சொல்லும் கேள்வி, நாம் படித்த இடஞ்சுட்டிப் பொருள் விளக்குகதான். பாடலையும் கவிஞரையும் குறிப்பிட்டு, அந்த வரி யாரால் எந்தச் சூழலில் சொல்லப்படுகிறது என்பதை எழுதிய பிறகே விளக்கத்துக்குச் செல்ல வேண்டும். வினாத்தாளைப் படிக்கத் தரப்படும் முதல் 10 நிமிடங்களில் இவ்வரிகளை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

தோல் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வரும் பெற்றோரும், ஆங்கிலம் படிக்காத பெற்றோரும் இதில் உதவ முடியும். இரவு உணவுக்குப் பின் ஒரு பாடலின் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லி, "இது எந்த வரியில் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை புத்தகத்தைத் திறந்து வரியைக் காட்டினால் படிப்பு சரியான வழியில் செல்கிறது. நோட்ஸைத் தேடினால், அந்தப் பாடலின் பெயரைக் குறித்து வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள். அதை மீண்டும் நடத்த ஆங்கில ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். சிறப்பு வகுப்புக்கு வரும்போது பாடநூலை மட்டும் கொடுத்தனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
வேலூர்.