ஹெல்மெட்டுக்குள் காற்று

அன்பு மகளே,

வண்டி ஓட்டும்போது போட்டுக்கொள்ள எந்த இயர்போன் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். எதுவும் வேண்டாம் என்று எழுதத்தான் கை போனது. எழுதினால் மட்டும் கேட்டுவிடப் போகிறாயா?

பாட்டு எவ்வளவு துல்லியமாகக் கேட்கும் என்று பார்க்காதே, வெளிச்சத்தத்தை எவ்வளவு அடைக்கும் என்று பார். நீ இன்ஜின் சத்தத்தை நினைத்திருப்பாய். காதைக் கெடுப்பது காற்று. மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் 100 டெசிபெல்லைத் தொடும். நாளெல்லாம் இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதி. 100 டெசிபெல்லுக்கு 15 நிமிஷம்தான். அந்த இரைச்சலையும் மிஞ்ச நீ பாட்டைக் கூட்டுவாய். நான் ஒன்றுமே போடாமல் ஓட்டினவன். இடது காதில் இன்றைக்கும் ஒரு ரீங்காரம் ஓயாமல் இருக்கிறது. நீ ஃபோன் செய்தால் வலது காதில்தான் வைக்கிறேன்.

அதனால் காதுக்குள் போகும் முனை ஃபோமால், அதாவது அமுக்கினால் சுருங்கி மெல்ல உப்பும் பஞ்சு போன்றதால், ஆனதாக வாங்கு. விரலால் ஒல்லியாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு அரை நிமிஷம் விரலை எடுக்காதே. அது உப்பி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பாட்டைக் குறைவாக வைத்தாலே போதும். நின்றபடி வைத்த அளவை ஓட்டும்போது ஏற்றாதே.

இரைச்சலைத் தானே நீக்கும் வசதிக்காக அதிகம் கொடுக்காதே. ஒரே சீரான உறுமலை அது நன்றாகக் குறைக்கும். அலைந்தடிக்கும் காற்றிடம் திணறும்.

காம்பு நீட்டிக்கொண்டிருப்பது வேண்டவே வேண்டாம். ஹெல்மெட்டை இறக்கும்போது உள்மெத்தை அதைப் பிடுங்கிவிடும், அல்லது காதுக்குள் குத்தும். தொட்டால் வேலை செய்கிற பட்டனும் அப்படித்தான். மெத்தை பட்டுப் பட்டுப் பாட்டு தானாக மாறும். வாங்கியதும் ஹெல்மெட்டோடு அரை மணி நேரம் வீட்டிலேயே உட்கார்ந்து பார். வலித்தால் திருப்பிக் கொடு.

நெரிசலில் பாட்டை நிறுத்திவிடு, பின்னால் வருகிறவன் ஹாரன் கேட்கட்டும். சில இடங்களில் இயர்போன் போட்டு ஓட்டச் சட்டமே அனுமதிப்பதில்லை, போகிற ஊரில் விசாரித்துக்கொள்.

முனைகள் பல அளவில் வரும். இரண்டு காதுக்கும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்றில்லை. எனக்கு இடதுக்குச் சின்னது, வலதுக்கு நடுத்தரம். முகமெல்லாம் உன் அம்மா, காது மட்டும் என்னுடையது. அந்த ஜோடியையே முதலில் போட்டுப் பார்.

அப்பா