சாம்பலைத் துடைத்தவளைத் திட்டாதே

சேசு மரி சூசை துணை

தேவகோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ படபடவென்று பேசிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு அப்படி உடனுக்குடன் பதில் வராது என்று உனக்குத் தெரியும். ராத்திரி செபமாலை சொல்லும்போதுகூட உன் பேச்சுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் காலையில் கஞ்சி குடித்த கையோடு உட்கார்ந்து போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் போட்ட சாம்பலைச் சின்னவள் பள்ளிக்கூட வேனில் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள், கூட வரும் பிள்ளைகள் சிரித்தார்களாம். சாயங்காலம் அவளே உன்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள். நீ அவளை நிற்கவைத்துக் கத்தியிருக்கிறாய், அருளானந்தர் (அதான், போர்ச்சுகல்லிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ சாமியார்) வேதத்துக்காகத் தலையைக் கொடுத்த சீமையில் பிறந்த குடும்பம், உனக்கு ஒரு சாம்பலை வைத்துக்கொள்ளத் தைரியம் இல்லையா என்று.

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. திட்டு விழும் என்று தெரிந்தும் உன் முன்னால் வந்து நின்றாளே, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? அதை நீ பார்க்கவில்லை. அடுத்த தடவை சொல்லமாட்டாள், அவ்வளவுதான் நீ சாதித்தது. (கோபப்படாதே, அம்மா இப்படித்தான் பேசுவேன்.)

அப்புறம், அன்றைக்குப் பூசையில் வாசித்த நற்செய்தி எது என்று கவனித்தாயா? மத்தேயு 6ஆம் அதிகாரம். நோன்பு இருக்கும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டாதே, தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவிக்கொள் என்று இயேசு சொல்கிற இடம். வருஷா வருஷம் அதை வாசித்த கையோடுதான் சாம்பலும் போடுகிறார்கள். நம் வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துப் பழுப்பேறிக் கிடக்குமே போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவை, அதையெல்லாம் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்து எரித்த சாம்பல் அது. நாம் மண்தான் என்று நமக்கு நாமே நினைத்துக்கொள்வதற்காகப் போடுவது, எதிரே வருகிறவர் பார்த்து மெச்சுவதற்காகப் போடுவது இல்லை. அதனால் சாம்பல் நெற்றியில் இருந்ததா போனதா என்று பார்த்துப் பிள்ளையின் விசுவாசத்தை அளக்காதே. அவளுக்கு வெட்கம் வந்ததே, பேச வேண்டியது அதைப் பற்றித்தான். பக்கத்தில் உட்காரவைத்து, என்னம்மா கேட்டார்கள், நீ என்ன சொல்ல நினைத்தாய் என்று கேட்டிருக்கலாம். பல நேரம் பிள்ளைகளுக்குப் பயத்தைவிடப் பதில் தெரியாததுதான் கஷ்டம். இது எதற்கு என்று கேட்டவளுக்கு இரண்டு வரியில் சொல்லத் தெரிந்திருந்தால் அவள் துடைத்திருக்கமாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அருளானந்தரை இழுத்தாயே, இழுத்தால் முழுசாகச் சொல். நாம் எல்லோரும் அவரை வெட்டிய ஓரியூர் செம்மண்ணையும் அரிவாளையும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். 1686இல் அவரையும் கூட இருந்த உபதேசியார்களையும் பிடித்து வதைத்து, இனிமேல் மறவர் சீமையில் போதிக்கக்கூடாது என்று சொல்லித்தான் ராமநாதபுரத்து ராஜா சேதுபதி விட்டார். பிறகு இயேசு சபைக் காரியமாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். லிஸ்பனில் அவருக்கு என்ன குறைச்சல்? சின்ன வயதில் அரண்மனையில் இளவரசர் பெட்ரோவோடு வளர்ந்தவர், அந்தப் பெட்ரோதான் அப்போது ராஜா. இங்கேயே இரு என்றார்கள். அவரோ 1690இல் கோவாவில் வந்து இறங்கி, பழையபடி காவி உடுத்தி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பண்டாரச் சாமியாக இதே சீமைக்குத் திரும்பி வந்தார். எனக்கு அந்தத் திரும்பி வந்த இடம்தான் பெரிசு. வெட்டுப்படுவது ஒரு நிமிஷக் காரியம், வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே மாதக்கணக்கில் கப்பலில் உட்கார்ந்து வருவது சும்மாவா! ஓரியூரில் அடைபட்டிருந்தபோது கரியைத் தண்ணீரில் குழைத்துக் கடைசிக் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி வெட்டினார்கள். அன்றைக்கு விபூதிப் புதன். இதைச் சின்னவளிடம் சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய், கத்துகிற அவசரத்தில் ஞாபகம் வந்திருக்காது.

ஒன்று, பெரியவன் விவரமானவன், கேள்வி கேட்பான். அருளானந்தரிடம் வந்த மறவர் சீமை இளவரசர் தடியத் தேவர் ஞானஸ்நானம் வாங்குவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார், அதில் சேதுபதிக்கு உறவான பெண் போய் அழுததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அந்தப் பெண்ணை, திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்கவைத்த ஏரோதியாளோடு சேர்த்துப் பிரசங்கம் வைப்பார்கள், எனக்கு அது ஒப்பாது. வாழ்க்கை போனவள் சொந்தக்காரர் வீட்டில் போய் அழாமல் எங்கே போய் அழுவாள்? பெரியவன் இதைக் கேட்டால் மழுப்பாதே, எனக்கும் அது உறுத்துகிறது என்று சொல். கேள்வி கேட்பதால் எந்தப் பிள்ளையின் விசுவாசமும் கெட்டுப்போவதில்லை.

உன் அப்பா கதையை நீ உன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாயா? நாம் அப்போது இருந்த ஊரில் திருவிழாச் சப்பரம் மேலத்தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பிவிடும், காலனித் தெருவுக்குள் போகாது. ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாருக்கும் ஒன்று, தெரு மட்டும் வேறு. ஒரு வருஷம் பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் போட்டபோது அப்பா எழுந்து, அங்கே போகவில்லையென்றால் சப்பரத்துக்கு என் தோள் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அன்று ராத்திரி சப்பரம் வழக்கம்போல முனையில் திரும்பியது, அப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு மெழுகுவர்த்தியோடு நேரே அந்தத் தெருவுக்குள் நடந்து போனார். அவர்கள் பெஞ்சு எடுத்துப் போட்டு உனக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன், சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது, பித்தானைக் கழற்ற விரல் வரவில்லை, நான்தான் கழற்றிவிட்டேன். உன் பெரியப்பா ரொம்ப நாள் நம் வாசல்படி மிதிக்கவில்லை. சப்பரம் அந்தத் தெருவுக்குள் போனது அதற்குச் சில வருஷம் கழித்துத்தான், அதற்குள் அப்பாவை ஊர் பேசாத பேச்சில்லை.

வேனில் சிரிக்கிற பிள்ளைகள் நாளைக்கு மறந்துவிடுவார்கள். சொந்த சனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது நிற்பதுதான் கஷ்டம், இயேசுவையும் முதலில் நாசரேத்துக்காரர்கள்தானே மலையிலிருந்து தள்ளப் பார்த்தார்கள். அந்தப் பித்தான் விஷயத்தையும் விடாமல் பிள்ளைகளிடம் சொல். தாத்தா பயப்படவே இல்லை என்று சொல்லி வைத்தால், பயம் வந்த அன்றைக்குத் தனக்கு விசுவாசம் இல்லை என்று அதுகள் நினைத்துக்கொள்ளும்.

'அவர்கள் எல்லாம் நம்மை இளக்காரமாகப் பார்க்கிறார்கள்' என்று நேற்று சொன்னாயே, எனக்கு அது பிடிக்கவில்லை. யார் அந்த 'அவர்கள்'? பெரிய வெள்ளிக்கிழமை நான் ஒருசந்தி இருப்பேன் என்று மோர் கொடுத்தனுப்புகிற எதிர்வீட்டு ஆச்சியா? நான் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டால் அவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார், அவர் விளக்கேற்றும்போது நான் பேச்சை நிறுத்துவேன், இதில் யார் விசுவாசம் குறைந்தது? எதிரி இருந்தால்தான் தைரியம் என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிடாதே.

தூங்கப்போகும்போது கதை சொன்னால் தாவீதும் சிங்கக் குகையும் போதும், அதுகளுக்கு மனப்பாடம். சிரியா தளபதி நாமானுடைய மனைவிக்கு வேலை செய்துகொண்டு, எஜமானின் குஷ்டம் தீர வழி சொன்ன அந்தச் சிறைப்பட்ட சிறுமியைச் சொல், அவள் பேர்கூட வேதத்தில் இல்லை. நிக்கோதேமுவைச் சொல். முதலில் இயேசுவிடம் ராத்திரியில் ஒளிந்து வந்தார், அப்புறம் சங்கத்தில் அரைகுறையாக ஒரு வார்த்தை பேசினார், கடைசியில் சீடர்கள் எல்லாம் ஓடிப்போன நேரத்தில் நூறு இராத்தல் வாசனைத் திரவியத்தைத் தூக்கிக்கொண்டு பகலோடு இயேசுவை அடக்கம் செய்ய வந்தார். சின்னவள் இப்போது ராத்திரி நிக்கோதேமு, இருக்கட்டுமே.

பெரியவனுக்கு அடுத்த வருஷம் உறுதிபூசுதல் என்றாய். எனக்குக் கொடுக்க மதுரையிலிருந்து ஆயர் வந்திருந்தார். அப்போதெல்லாம் தைலம் பூசியதும் கன்னத்தில் ஒரு தட்டு உண்டு, கிறிஸ்துவுக்காக அடி வாங்கவும் தயாராக இரு என்று அர்த்தம். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் ரொம்ப வலிக்குமாம் என்று பயமுறுத்தி, நான் கிட்டே போனதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன், பூ விழுந்த மாதிரி பட்டது. இப்போது அந்தத் தட்டு இல்லை. ஞானத்தகப்பனாக யாரைக் கேட்கப் போகிறாய் என்று யோசித்தாயா? சிங்கப்பூர் மாமா செயின் போடுவார் என்று அவரிடம் போய் நிற்காதே. பையன் ஒரு தப்பைச் செய்துவிட்டு உன்னிடம் சொல்லப் பயந்தால் யாரிடம் போய்ச் சொல்வான் என்று பார், அவரைக் கேள். மே மாதம் எல்லோரும் வாருங்கள், பல்லவன் ரயிலில் டிக்கெட் இப்போதே போட்டுவிடு, ஓரியூருக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன், நீ கூடவே வந்து பிரசங்கம் வைக்காமல் இருந்தால் சரி.

அன்புடன்,
அம்மா