முக்திநாத் யாத்திரை: இரவு உறங்கும் இடத்தின் உயரத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த நேபாளப் பயணக் கட்டுரையைப் படித்தேன். போக்ராவின் ஏரி, சாரங்கோட் குன்றிலிருந்து பாராகிளைடிங், திரிசூலி ஆற்றில் ரப்பர் படகு என்று இளைஞர்களுக்கு வேண்டியவற்றை எல்லாம் நயமாக எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில், “பெரியவர்கள் ஜீப்பில் முக்திநாத் சென்று வரலாம்” என்று ஒரே வரியில் கட்டுரையாளர் முடித்திருந்தார். சாகசம் இளையவர்களுக்கு, கோயில் முதியவர்களுக்கு என்ற அந்தப் பாகப்பிரிவினையில் எனக்கு உடன்பாடில்லை. நேபாளத்தில் நம்மவர்கள் மேற்கொள்ளும் பயணங்களில் உடலைக் கடுமையாகச் சோதிப்பவற்றுள் ஒன்று அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது என்பதை, சென்ற அக்டோபரில் கும்பகோணத்திலிருந்து புறப்பட்ட இருபத்திரண்டு பேர் கொண்ட குழுவில் ஒருத்தியாகப் போய் வந்தவள் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றாக, திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமமாக, முக்திநாத் தமிழ் வைணவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் சேவிக்க வேண்டிய தலமாக இருந்து வருகிறது. அங்கே செல்வோருக்குத் தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை மானியமும் வழங்குகிறது. எனவே ஆண்டுதோறும் நம் ஊர்களிலிருந்து அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்படும் பயணத் திட்டத்தில் நாள் இருக்கும், ஊர் இருக்கும், காலைச் சிற்றுண்டி உண்டா என்பது இருக்கும், அறையில் வெந்நீர் வருமா என்பதுகூட இருக்கும். அன்றிரவு எத்தனை மீட்டர் உயரத்தில் உறங்கப் போகிறோம் என்பது மட்டும் இருக்காது.

புவியியல் ஆசிரியையாக முப்பது ஆண்டுகள் பணியாற்றிய எனக்கே அந்த விடுபாடு கிளம்பும்போது உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முக்திநாத் கோயில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், அதாவது 12,000 அடிக்கும் மேலே இருக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். முக்திநாத்துக்குப் போகும் வழியிலுள்ள ஜோம்சோம் விமான நிலையமே அதைவிடச் சுமார் நூறு மீட்டர் உயரத்தில் இருக்க, கோயில் அதற்கும் மேலே இன்னும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். அங்கே காற்றழுத்தம் கும்பகோணத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்கே குறைந்துவிடுகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். சுமார் 800 மீட்டரில் உள்ள போக்ராவில் காலையில் காபி குடித்தவரை அன்றிரவே 3,700 மீட்டரில் படுக்கவைப்பது அந்த அவகாசத்தைப் பறிப்பதாகும்.

எங்களுக்கு நேர்ந்தது அதுதான். போக்ராவிலிருந்து விமானத்தில் ஜோம்சோம் சென்று, அன்று அங்கே தங்கி, மறுநாள் காலையில் தரிசனம் செய்வதாகத்தான் முதலில் திட்டம் இருந்தது. தௌலாகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையே காளி கண்டகி ஆறு அறுத்துச் செல்லும் அந்தப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே பலத்த காற்று எழும்பிவிடுவதால், சிறு விமானங்கள் காலை வேளையில் மட்டுமே பறக்கின்றன. மேகம் சூழ்ந்தால் அதுவும் இல்லை. 2022 மே 29 அன்று இதே வழித்தடத்தில் சென்ற விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 22 பேரும் உயிரிழந்ததை நினைத்துப் பார்த்தால், பறக்க மறுக்கும் விமானியைக் குறை சொல்ல மனம் வராது. எங்கள் விமானமும் ரத்தானது. ஒன்பதரை மணிவரை காத்திருந்துவிட்டு, பத்து மணிக்கு ஜீப்புகளில் ஏறினோம். இழந்த நேரத்தை ஈடுகட்டி, கோரக்பூரில் ரயிலைத் தவறவிடக் கூடாது என்பதற்காக, ஏற்பாட்டாளர் ஜோம்சோமில் நிறுத்தாமல் நேரே கோயிலடி ஊரான ராணிபௌவாவுக்கே வண்டிகளை விடச் சொன்னார். இறங்கும்போது இரவு எட்டரை மணி. அவர் கெட்டவர் அல்லர், தயிர்சாதத்துக்குத் தயிர் தேடி அந்தக் குளிரில் மூன்று விடுதிகளின் கதவைத் தட்டியவர் அவர். உயரம் என்ற ஒன்றை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் எல்லோரும் மாமி என்று அழைத்த 71 வயது அம்மையாருக்கு இரவு பத்து மணிக்குத் தலைவலி தொடங்கியது. பிறகு இருமுறை வாந்தி. ஜீப் குலுக்கல், வெறும் வயிறு, பித்தம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஒருவர் சுக்குக் கஷாயம் கலக்கினார், இன்னொருவர் தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டார். விடுதியை நடத்தும், அப்பகுதியின் தகாலி இனத்துப் பெண்மணி (அங்கே எல்லோரும் அவரைத் ‘தீதீ’, அதாவது அக்கா என்றே அழைத்தார்கள்) மாத்திரையைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, மாமியை எழுப்பி, சாப்பாட்டு அறையின் பலகைத் தரையில் ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல் நுனியோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் மாமி இடப்பக்கம் சாய்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். “லேக் லாக்யோ” என்றார் தீதீ. மலை பிடித்துவிட்டது என்பது போன்ற பொருளில், உயரத்தால் வரும் நோய்க்கு நேபாளிகள் சொல்லும் சொல் அது. அவர் ஏற்பாட்டாளரின் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. தம் உறவுக்காரப் பையன் ஒருவனை எழுப்பி, ஜீப்பில் மாமியையும் அவர் கணவரையும் அன்றிரவே ஜோம்சோமுக்கு அனுப்பினார். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். மறுநாள் பகலில் நாங்கள் கீழே வந்தபோது, மாமி வெயிலில் நாற்காலி போட்டு அமர்ந்து, தரிசனம் கிடைக்கவில்லையே என்று அழுதுகொண்டிருந்தார். அழுவதற்கு அவர் இருந்தாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி என்பதையும், அந்நிலையில் தூங்கவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும், கீழே இறக்குவதே அதற்கு முதல் சிகிச்சை என்பதையும் ஊர் திரும்பியபின் மருத்துவரான என் தம்பி மகள் விளக்கினாள். ஓய்விலும் மூச்சு வாங்குவதும் ஓயாத இருமலும் நுரையீரலில் நீர் சேர்வதைக் காட்டுபவை; அதற்கும் இறக்கமே முதல் மருந்து. ஜீப் பாதை இருக்கிற இடத்தில், விடியட்டும் ஹெலிகாப்டரை அழைக்கலாம் என்று காத்திருப்பது நேரத்தை வீணாக்குவதே.

இதைவிட என்னை யோசிக்க வைத்த காட்சி ஒன்று அதே சாப்பாட்டு அறையில் இருந்தது. மேசையின் மறுகோடியில் கோயம்புத்தூர் இளைஞர்கள் இருவர் தங்கள் நேபாள வழிகாட்டியோடு பூண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். (உயரத்துக்கு நல்லது என்று மலையேறுவோர் அதை விரும்பிக் குடிக்கிறார்கள். எங்கள் குழுவில் பூண்டு தொடுவாரில்லை என்பதால் அந்த மருந்தின் குணத்தை நான் அறியேன்.) அன்னபூர்ணாவைச் சுற்றி நடந்து, அன்று அதிகாலையில் 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைக் கடந்து, பனியில் இறங்கி வந்திருந்தார்கள். முகம் கருத்து, உதடு வெடித்திருந்ததே தவிர, இருவரும் திடமாக இருந்தார்கள். ஆனால் மெத்தை இருக்கையில் அமர்ந்து வந்த எங்களில் பாதிப் பேருக்குத் தலைவலி.

இதன் காரணம் வயது மட்டுமன்று என்பதை வழிகாட்டியின் சட்டைப் பையிலிருந்த ஒரு தாள் காட்டியது. நான்காக மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த அந்தத் தாளில் ஒவ்வோர் இரவுக்கும் ஊர்ப் பெயரும் எதிரே உயரமும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. சாமே 2,700-க்குக் கிட்ட, பிசாங் 3,200-க்கு மேல், மனாங் 3,540. மனாங் மட்டும் இரண்டு வரிகளில் இருந்தது. அங்கே இரண்டு இரவு தங்கி, பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, உறங்கக் கீழே வந்திருக்கிறார்கள். பருவக் காலத்தில் அந்த ஊரில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிறு மருத்துவமனை இயங்குகிறது; உயர நோயைப் பற்றி மருத்துவர்களே பயணிகளுக்கு வகுப்பெடுக்கிறார்கள், இவர்களும் கேட்டிருக்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் ஓரிரவுக்கும் மறு இரவுக்கும் இடையே உறங்கும் உயரம் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலையேறுவோர் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. அவர்கள் பாதையிலும் அபாயம் இல்லாமல் இல்லை. 2014 அக்டோபரில் அந்தக் கணவாயை ஒட்டிய பகுதிகளில் வீசிய பனிப்புயலில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனாலும் அவர்களிடம் அந்தத் தாள் இருந்தது, எங்களிடம் இல்லை.

தங்குமிடங்களைப் பற்றியும் ஒரு சொல். ‘ஓட்டல்’ என்ற சொல்லை நம்பிப் போகிறவர்கள் ராணிபௌவாவில் ஏமாந்துபோவார்கள். பலகைச் சுவர், இரண்டு கட்டில், ‘சிரக்’ என்னும் கனத்த பஞ்சு ரஜாய், உறைந்துபோகும் குழாய், கைப்பேசிக்கு மின்னேற்றக் கூடுதல் காசு என்று ஒரு நீண்ட புகார்ப் பட்டியலை நானே தயாரித்தேன். இன்று அது எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் படுகிறது. திபெத்துக்கும் கீழ்நாட்டுக்கும் இடையே உப்பும் தானியமும் போன பழைய வணிக வழி அது. அந்த வழியில் தகாலி மக்கள் தலைமுறைகளாகச் சத்திரம் நடத்தி வருகிறார்கள். பருப்பும் சோறும் போதும் போதும் என்னும்வரை திரும்பத் திரும்பப் பரிமாறுகிறார்கள். வெங்காயம் பூண்டு கூடாது என்றால் முகம் சுளிப்பதில்லை. யார் நடையில் தள்ளாட்டம் இருக்கிறது என்று பார்க்கவும் தெரிந்திருக்கிறது. நட்சத்திர விடுதி ஒன்றின் வரவேற்பாளருக்கு அது தெரிந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே. முக்திநாத் யாத்திரையை நடத்துவோர், பயணத் திட்டத்தில் ஒவ்வோர் இரவுத் தங்கலுக்கும் எதிரே அந்த இடத்தின் உயரத்தை அச்சிட வேண்டும். அச்சிட்டாலே தவறு கண்ணில் பட்டுவிடும். 800-க்குப் பிறகு நேராக 3,700 என்று எழுத யாருக்கும் கை கூசும். போக்ராவிலிருந்து தரைவழியாகப் போகிறவர்கள் முதல் இரவு சுமார் 2,500 மீட்டரில் உள்ள காலோபானியிலும், அடுத்த இரவு மார்பாவிலோ ஜோம்சோமிலோ தங்கிவிட்டு, மூன்றாம் நாள் காலையில் முக்திநாதரைச் சேவித்து, உறங்க மீண்டும் ஜோம்சோமுக்கே இறங்கிவிடலாம். இதற்குக் கூடுதலாக ஆவது ஓரிரு நாளும் அதற்கான செலவுமே. விமானத்தில் செல்வோரும், இருபது நிமிடத்தில் சுமார் 2,000 மீட்டர் ஏறியிருக்கிறோம் என்பதை நினைவில் வைத்து, அன்றைய பகலையும் இரவையும் ஜோம்சோமிலேயே கழிப்பது நல்லது. கோயிலிலுள்ள நூற்றெட்டு நீர்த்தாரைகளின் கீழும் ஓடி நீராடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனி உருகி வரும் அந்த நீரை இதய நோய் உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் புண்ணியம் குறைந்துவிடாது என்றே நினைக்கிறேன். அங்கிருந்த அர்ச்சகரும் ஒரு முதியவரிடம் அதையேதான் சொன்னார்.

மானியம் வழங்கும் அறநிலையத் துறையும், பயணத் திட்டத்தில் இரவுத் தங்கல்களின் உயரத்தைக் கேட்டுப் பெறலாம். துறை கேட்டால் ஏற்பாட்டாளர்கள் எழுதியே தீர்வார்கள். பயணக் காப்பீடு எடுப்போர், எத்தனை மீட்டர் உயரம்வரை அது செல்லுபடியாகும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். தங்கள் நாளிதழும் மலைப் பயணக் கட்டுரைகளில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் உயரத்தைக் குறிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தால், அதற்கு ஆகப்போவது ஒரு வரியில் நான்கு இலக்கங்கள்தாம்.

மாமி இந்த ஆண்டு மீண்டும் போகிறார், விட்ட தரிசனத்தை முடிக்காமல் ஓயமாட்டாராம். மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் பணம் கட்டினார். அவருக்குக் கொடுக்கப்பட்ட திட்டத் தாளில் ஒவ்வோர் ஊருக்கும் எதிரே நானே பேனாவால் உயரத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாம் நாள் இரவுக்கு நேரே அச்சாகியிருந்த ராணிபௌவாவை அடித்துவிட்டு, மார்பா, 2,670 மீட்டர் என்று எழுதினேன். புதிய ஏற்பாட்டாளர் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
கும்பகோணம்.