ஓசியில் பறக்கிறோம் என்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுத் தமிழர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையில், அமெரிக்க ராணுவக் குடும்பங்கள் நினைத்த இடத்துக்கு இலவசமாக விமானத்தில் போய் வருகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. என் கணவர் அந்த ராணுவத்தில்தான் இருக்கிறார், இப்போது நாங்கள் இருப்பது ஜெர்மனி. அதைப் படித்துவிட்டு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரிசையாகப் போன் செய்து, "உனக்கென்னம்மா, ஓசியிலேயே உலகத்தைச் சுற்றலாம்" என்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இலவசம் என்பது உண்மை. ஸ்பேஸ்-ஏ என்பார்கள். சரக்கையோ படையாட்களையோ ஏற்றிக்கொண்டு எப்படியும் போகப்போகிற விமானத்தில் இடம் மீந்தால் நமக்குத் தருவார்கள். ராணுவத்தின் சொந்த விமானம் என்றால் கட்டணமே கிடையாது, ஒப்பந்தத்தில் ஓடும் பேட்ரியட் எக்ஸ்பிரஸ் விமானம் என்றால் சின்னதாக வரிப்பணம் மட்டும் கட்ட வேண்டும். ஆனால் "நினைத்த இடம்" எங்கே இருக்கிறது? ஜெர்மனியில் ராம்ஸ்டைன், ஸ்பெயினில் ரோட்டா, அமெரிக்காவில் டோவர், ஹவாயில் ஹிக்கம், ஜப்பானில் யோகோட்டா என்று விமானப்படைக்கும் கடற்படைக்கும் தளம் இருக்கிற ஊர்களுக்குத்தான் போகலாம். சென்னைக்கு அப்படி ஒரு விமானம் கிடையாது.

இடம் கேட்பவர்களை 6 வகையாகப் பிரித்து, அந்த வரிசைப்படிதான் இடம் தருவார்கள். அவசர விடுப்பில் போகிறவர் முதல் வகை, சாதாரண விடுப்பில் போகும் வீரரும் கூடவே போகும் குடும்பமும் மூன்றாவது, ஓய்வு பெற்றவர்கள் ஆறாவது. ஒரே வகைக்குள் யார் முதலில் பெயர் பதிந்தார்களோ அவர்கள் முன்னால். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அப்பா சாகக் கிடக்கிறார் என்று ஓடி வருகிறவர் கடைசி நிமிஷத்தில் நமக்கு முன்னால் ஏறினால் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. சிக்கல் என்னவென்றால், பணியில் இருப்பவர் விடுப்பு தொடங்கிய பிறகுதான் பெயரே பதிய முடியும். அவருக்கு வருஷத்துக்கு 30 நாள் விடுப்பு. அந்த நாட்கள் ஊர் பார்ப்பதில் போகாமல் டெர்மினல் நாற்காலியில் கரைகின்றன. ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள் ஒரு சின்னப் பையும் புத்தகமுமாக நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள், இன்று இல்லையென்றால் நாளை என்று. இந்த ஏற்பாடு உண்மையில் அவர்களுக்குத்தான் சரிப்படும்.

அடுத்த 72 மணி நேரத்துக்கான விமானங்களை அறிவிப்பார்கள். எத்தனை இடம் என்கிற எண்ணுக்குப் பக்கத்தில் எஃப் என்று இருந்தால் உறுதி, டி என்று இருந்தால் இப்போதைக்கு அப்படி. அந்த டி-யை நம்பி யாரும் பெட்டி கட்டக் கூடாது. சி-5 என்ற பெரிய சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் 73 பேர் உட்காரலாம், இருந்தும் ஆபத்தான சரக்கு ஏறினால் நமக்கு ஒரு இடமும் இருக்காது. பழுது, வானிலை, திடீர் உத்தரவு எதுவும் இருக்கலாம், காரணம் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. வழியில் எங்காவது இறங்கும்போது வேலையாகப் போகிறவர்கள் வந்துவிட்டால் நம்மை அங்கேயே இறக்கியும் விடலாம்.

வெளியே இருப்பவர்களுக்குப் புரியாதது ரோல் கால் நாள்தான், அதாவது இடம் கிடைத்தவர்களின் பெயரைப் படிக்கிற நாள். பெயர் கூப்பிட்டால் உடனே பெட்டியைப் போட வேண்டும், அதனால் விடிகாலையிலேயே அறையைக் காலி செய்து, வாடகைக் காரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, தூக்கம் கலையாத பிள்ளைகளோடு டெர்மினலில் போய் நிற்கிறோம். கவுண்டரில் இருப்பவர் வகை வகையாகப் பெயர் படிக்கிறார். நாங்கள் நான்கு பேர், மீதி மூன்று இடம் என்றால், பிரிந்து போகிறீர்களா என்று ஒரு கேள்வி, இல்லை என்றால் அடுத்த பெயர். அவ்வளவுதான், முடிந்தது. இனி காலையில் விட்ட அறையைத் திரும்பக் கேட்க வேண்டும், அதற்குள் வேறு யாராவது எடுத்திருப்பார்கள், தளத்துக்கு வெளியே ஹோட்டல், மறுபடியும் கார், மறுநாள் இதே கதை. கோடை விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் கேட்கவே வேண்டாம். இரண்டாம் நாளுக்குப் பிறகு பிள்ளைகள்கூட எப்போது போவோம் என்று கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இடம் கிடைத்துவிட்டால் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். சி-17 சரக்கு விமானம் என்றால் பக்கச் சுவரை ஒட்டிய இருக்கை, எதிரே கட்டிப்போட்ட சரக்கு, காதில் அடைப்பான், கால் விறைத்துப் போகும் குளிர். பையன் மட்டும் குஷியாக இருப்பான், அது வேறு விஷயம்.

என்னைப் போல இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. ராணுவ விமானம் என்பதற்காக விசாவை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. இங்கிலாந்துக்கு இடம் இருக்கிறது, ஓடி வாருங்கள் என்றாலும் கையில் அந்த நாட்டு விசா இல்லாவிட்டால் ஏற முடியாது. எங்கே இடம் கிடைக்கும் என்று தெரியாத பயணத்துக்கு எத்தனை விசா எடுத்து வைப்பது?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பீர்கள். சரி, பார்க்கவில்லை. ஆனால் விடுப்பு முடிவதற்குள் என் கணவர் வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டும், இடம் கிடைக்கவில்லை என்பது படையில் செல்லாது. திரும்பி வரும் டிக்கெட்டுக்குப் பணம் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ராணுவத்திலேயே சொல்கிறார்கள். கடைசி நேரத்தில் நான்கு பேருக்கு எடுக்கும் டிக்கெட் என்ன விலை வரும் என்று உங்களுக்கே தெரியும், அதற்கு முன்பு ஹோட்டலுக்கும் காருக்கும் கொட்டியதைச் சேர்த்தால் ஓசியின் கணக்கு வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம், அம்மா அப்பாவையும் அப்படியே கூட்டிப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: முடியாது. அவர்கள் வீரரின் வருமானத்தை நம்பி இருப்பவர்கள் என்று காட்டி ராணுவ அடையாள அட்டை வாங்கியிருந்தால்தான் பேச்சே. ஊர்க் கல்யாணத்துக்கு நாங்களும் உங்களைப் போல டிக்கெட் எடுத்துத்தான் வருவோம், தேதியை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு படைவீரரின் மனைவி,
ஜெர்மனி