சான் பிரான்சிஸ்கோ பியர் சுவைஞர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் நகரின் ஆங்கர் பியர் ஆலை மூடப்படுவதாக 2023 ஜூலையில் அறிவிக்கப்பட்டதை அடுத்து, இவ்வாண்டின் சுவைக்கூட்டங்களில் பெரும்பாலானவற்றைக் ‘கலிஃபோர்னியா காமன்’ என்னும் பியர் வகைக்கே ஒதுக்கச் செயற்குழு முடிவு செய்தது. 1965இல் ஃபிரிட்ஸ் மேடேக் முதலீடு செய்து மீட்டெடுத்த அந்த ஆலைதான் இவ்வகையை அழியாமல் காத்தது. இவ்வகையின் பழைய பெயரான ‘ஸ்டீம்’ என்பதை அந்த ஆலை வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டதால் பிற ஆலைகள் ‘காமன்’ என்ற பெயரில் விற்கின்றன.

லாகர் வகை பியரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் வழக்கமாக 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிரில் வேலை செய்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலிஃபோர்னியாவில் ஐஸ் எளிதில் கிடைக்காததால், பியர் காய்ச்சியவர்கள் அதே ஈஸ்ட்டை அகலமான, ஆழம் குறைந்த தொட்டிகளில் இட்டு, கடற்காற்றின் குளிர்ச்சியை மட்டும் நம்பி நொதிக்க வைத்தனர். இன்றும் இவ்வகை 15 முதல் 18 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் நொதிக்கிறது. லாகரின் தெளிவும் மிதவெப்பத்தில் நொதிக்கும் ஏல் வகை பியரின் லேசான பழவாசமும் ஒரே கோப்பையில் சேர்வது இதனால்தான்.

முதல் கூட்டத்தில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பரிமாறியபோது, ‘சப்பென்று இருக்கிறது’ என்றே பலர் குறிப்பெழுதினர். அடுத்த கூட்டத்தில் அதே பியரைப் பத்து டிகிரி அளவுக்குச் சூடேற விட்டுக் கொடுத்ததும், வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய தானியம்) ரொட்டி ஓட்டு வாசமும், பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூக்களில் நார்தர்ன் புரூவர் வகைக்கே உரிய மரமும் புதினாவும் கலந்த கசப்பும், நாவில் இனிப்பு தங்காத முடிவும் அவர்கள் குறிப்புகளில் இடம்பெற்றன. இவ்வகை மதிப்பிழந்ததற்குப் பாதிக் காரணம் பரிமாறும் முறையே என்பது என் கருத்து. ஐஸில் ஊறிய கண்ணாடிக் கோப்பைகளை இனி அலமாரியிலேயே வைத்திருக்கலாம்.

ஒப்பீட்டிற்காக ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்து ஆல்ட்பியரும் சுவைக்கப்பட்டது. அது ஏல் ஈஸ்ட்டில் நொதித்துப் பின் குளிரில் பதப்படுவது. இவ்விரண்டையும் 2008ஆம் ஆண்டின் பி.ஜே.சி.பி. (பியர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு) நெறிமுறை ‘ஆம்பர் ஹைபிரிட்’ என ஒரே பிரிவில் வைத்திருந்தது, 2015இல் பிரித்துவிட்டது. இவை ஒரே பிரிவைச் சேர்ந்தவையா என்பது குறித்து நம் உறுப்பினர்களிடையே உடன்பாடு ஏற்படவில்லை.

ஆங்கர் பழைய இருப்புப் புட்டிகளைக் கூடுதல் விலைக்கு வாங்கலாம் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை. 4.9 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட அந்தப் பியர் புதிதாகக் குடிப்பதற்கானது. ஆலையை 2024 மே மாதத்தில் சோபானி தயிர் நிறுவனத்தின் நிறுவனர் ஹம்தி உலுகாயா வாங்கியுள்ளார். உற்பத்தி தொடங்கினால் முதல் சுவைக்கூட்டத்தை அதற்கே ஒதுக்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்