தீப்பெட்டிப் படகுகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். நீ போனை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. வேலை இருக்கும், சரி. சௌத்தாம்ப்டனில் குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அண்ணன் பையன் துறைமுகத்தில் பாய்மரப் படகு கற்கிறான். நம் ஊர் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்குக்குப் போய் வந்ததைக் கேட்டதிலிருந்து ஒரே பிடிவாதம். நீ ஓட்டிய அதே ஆப்டிமிஸ்ட்தான், எட்டடிகூட இல்லாத அந்தத் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தயம். விதி சொல்லிக் கொடுக்கும் வேலை என் தலையில். 31 வருஷம் துறைமுகத்தில் இருந்தவருக்கு இது தெரியாதா என்கிறாள் உன் அண்ணி. தெரியாது. பெரிய கப்பல் வந்தால் சின்னப் படகு ஒதுங்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சாப்பாட்டு மேஜையில் டேபிள் ஃபேன்தான் காற்று. தீப்பெட்டிகள் படகு, உப்பு ஜாடி மிதவை. வலப்பக்கம் காற்று வாங்கி வருகிறவன் ஸ்டார்போர்டு. இடப்பக்கம் வாங்குகிற போர்ட்காரன் அவனுக்கு ஒதுங்க வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கம் என்றால், காற்றுக்கு மேலே, அதாவது காற்று வருகிற பக்கம் இருப்பவன் கீழே இருப்பவனுக்கு ஒதுங்க வேண்டும். இது எனக்கு இரண்டு நாள் மண்டையில் ஏறவில்லை. 'மேல இருக்கறவன் காத்தை மறைக்கிறான்ல தாத்தா, அப்புறம் உரிமை வேறயா?' என்றான் பொடியன். மிதவைக்கு மூன்று படகு நீளத்தில் ஒரு வட்டமாம், அதற்குள் இரண்டு படகு ஒட்டி நுழைந்தால் மிதவைப் பக்கம் இருக்கிற உள்பக்கத்தானுக்கு இடம் விட வேண்டும். நீ இதையெல்லாம் பத்து வயதில் தலைகீழாகச் சொல்வாய். நான் காது கொடுத்ததில்லை.

உன் அத்தை மகன் லண்டனிலிருந்து பேசினான். ஏதோ சொன்னான். அது கிடக்கட்டும். உனக்கு வாடகை எத்தனாம் தேதி? அம்மா பேரில் ஒரு டெபாசிட் தை மாதம் முடிகிறது, இங்கே அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஸ்வெட்டர் பழசு என்றால் புதிதாக வாங்கிக்கொள்.

44ஆம் விதியில் நின்றுவிட்டேன். இடித்தவன் தானே விலகிப் போய் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். சாதாரணப் பந்தயத்தில் விசில் ஊத நடுவர் கிடையாது.

அன்று உனக்கு 11 வயது. மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவள் திடீரென்று ஒதுங்கி இரண்டு முறை சுற்றினாய். பாய் சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். கடைசிக்கு முந்தைய இடம். பஸ்ஸில் கேட்டால், 'போர்ட்ல வந்து இடிச்சுட்டேன்பா' என்றாய். 'யார் பார்த்தா?' என்றேன். அந்தப் பெண்ணே வாய் திறக்கவில்லையே என்று ராயபுரம் வரும்வரை திட்டினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அடுத்த வருஷம் படகை விட்டுவிட்டாய். படிப்புக்காக என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான்.

கணக்கில் வந்த தப்பு உன்னுடையது என்று நீயே ஆபீசில் போய்ச் சொன்னாயாம், வேலை போய்விட்டதாம். அத்தை மகன் சொன்னதும் என் வாயில் முதலில் வந்தது அதே கேள்விதான், பாப்பா. யார் பார்த்தா? நல்லவேளை, போனில் நீ இல்லை.

இரண்டு சுற்றும் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. தீப்பெட்டியை வைத்து எனக்குச் சரியாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் செய்து பையனுக்கு நீயே சொல்லிக் கொடு. நான் பேச மாட்டேன், ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா